பத்தொன்பதாம் கல்லின் ஊத்தை

வெக்ஸ்போர்ட்
9 செப்டெம்பர் 2024

அன்புள்ள அம்மா,

நீங்கள் இரவு வேலைக்குப் போய்விட்டதால் எழுதி மேசையில் வைக்கிறேன். இன்று காலை நான் உங்களிடம் சொல்லாதது இது: நீங்கள் கழுவிய கற்களோடு என் இரண்டு வருட ஆய்வு வேலையும் போய்விட்டது. துவாயில் பரப்பி வைத்து, "பார், எவ்வளவு வடிவாய் இருக்கெண்டு" என்றீர்கள். "ஓம் அம்மா" என்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நான் கல் எடுத்துவந்த, மேற்குக் கரையிலுள்ள கரிபால்டி எரிமலையின் ஒரு பக்கம் பனிப்பாளத்தின் மேலேயே வளர்ந்தது. பனி உருகியதும் அந்தப் பக்கம் சரிந்தது. எரிகுழம்பு பனியைத் தொட்ட இடத்தில் சட்டென்று குளிர்ந்து கறுப்புக் கண்ணாடியாகும். நான் ஏறிய முகட்டில் பாதி உயரம் வரைதான் பனி நின்றது என்கிறார் என் பேராசிரியர். அதற்கும் மேலே என்கிறேன் நான். எந்தக் கல் எந்த உயரத்தது என்பதை, நீங்கள் கற்களிலிருந்து உரித்தெறிந்த ஒட்டுநாடாத் துண்டுகளில் நான் எழுதிய எண்கள்தான் சொல்லும். இப்போது அவை வெறும் கற்கள். குப்பையில் போட்டுவிடுங்கள்.

அனோஜா

10 செப்டெம்பர்

அன்பு மகளுக்கு,

பிறிட்ஜில புட்டு இருக்கு, முதல்ல சாப்பிடு.

வெளியால வந்த சாமானைக் கழுவாமல் நான் வீட்டுக்குள்ள எடுக்கமாட்டன், உனக்குத் தெரியும். ஆனா பத்து வருசமாய் வெயர்ஹவுசில பெட்டி அடுக்கிறவள், எடுத்த ஒழுங்கை மாத்தி வைப்பனே? நீ பெட்டியில அடுக்கினபடியேதான் இருபத்துநாலும் துவாயில கிடக்கு. இடப்பக்க மேல்மூலை ஒண்டாம் நம்பர். வாயைத் திறந்து கேக்க என்ன பஞ்சி உனக்கு?

ஒரு குறை. பத்தொன்பதாம் கல்லில மண் போச்சுது. ஓரத்தில மினுங்கிற கறுப்பு ஊத்தை மட்டும் கம்பிப் பிறஷ்ஷால உரஞ்சியும் போகேல்லை. விரலையும் வெட்டிப்போட்டுது. மன்னிச்சுக்கொள்.

அம்மா

13 செப்டெம்பர்

அம்மா,

அது ஊத்தை இல்லை. அதுதான் கண்ணாடி!

ஆறு கற்களின் சில்லுகளை எண்ணிட்டு முன்னரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தேன். பொருத்திப் பார்த்தோம். ஆறும் நீங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. அப்படியென்றால் பத்தொன்பதாவது, பாதி உயரத்துக்கும் மேலே நான் எடுத்த கல்தான். பிறகு பேராசிரியர் பத்தொன்பதை வில்லையின் கீழ் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் நினைத்தது பிழை" என்றார். மண் மூடியிருந்ததால் மலையில் எனக்கே அது தெரியவில்லை.

இனிக் கேட்டுப் பழகுகிறேன். விரல் ஆறிவிட்டதா?

அனோஜா

6 மே 2025

மகள்,

உன்ர ஆய்வைச் சோதிச்ச மூண்டு பேரும் எழும்பி உனக்குக் கை தந்ததைப் பின்வரிசையில இருந்து கண்டனான். உன்ர ஆய்வுப் புத்தகத்தில "கற்களைக் கழுவி ஒழுங்குபடுத்தியவர்: றோஸ்மேரி பஸ்ரியன்" எண்டு போட்டிருக்கிறாய். சொல்லவேயில்லை, கள்ளி.

அந்தப் பக்கத்தைப் பிறம்ரனுக்கு, எங்கட வெயர்ஹவுசுக்குக் கொண்டுபோனன். சுப்பவைசர் வாங்கி, சாப்பாட்டு அறைச் சுவரில ஒட்டினவர்.

அம்மா