பாதி இறுக்கிய திருகு

29-7-1994, வெள்ளி

என் அண்ணன் பெண்சாதி இன்று மகனின் ஸ்டுடியோவுக்கு வந்தாள். ரொம்ப நாளாக உடம்பு முடியவில்லை. "நாளைக்கு நான் போயிட்டா செவுத்துல மாட்ட ஒரு படம் வேணும் கண்ணு" என்றாள் அவனிடம்.

கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் கேமரா துளியும் ஆடக்கூடாது. மகன் அதை ஸ்டாண்டில் ஏற்றினான். அந்த ஸ்டாண்டு நான் பார்த்து வாங்கியது. கடையில் ஒவ்வொன்றின் மேலும் கையை ஊன்றி அழுத்தினேன். இது ஒன்றுதான் அசையவில்லை. கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க உச்சியில் ஓர் உருண்டை இருக்கிறது. அதன் திருகை இறுக்கினால் வைத்தது வைத்தபடி நிற்கும்.

"நான் புடிச்சுக்கறேன், நீங்க இறுக்குங்கம்மா" என்றான். பாதிதான் இறுக்கினேன்.

என் மகள் கல்யாணத்தில் எல்லாரும் போட்டோவுக்கு நின்றபோது, "தாலியறுத்தவ நடுவுல எதுக்கு அம்மணி, தள்ளி நில்லு" என்றவள் இவள். அந்தப் படத்தில் நான் இல்லை.

மகன் கையை எடுத்ததும் கேமரா மெல்லத் தலை கவிழ்ந்தது. "இந்தச் சனியனத் திருப்பிக் குடுத்துப்போடறனுங்க" என்றான்.

"ஸ்டாண்டு மேல குத்தமில்ல கண்ணு. உங்கம்மா இன்னும் மறக்கல" என்றாள் நாற்காலியில் இருந்தவள்.

இந்தத் தடவை திருகை உள்ளங்கை வலிக்க இறுக்கினேன். மகன் எடுத்துவிட்டான். படம் தெளிவாகத்தான் வரும். ஆனால் அவள் கேமராவைப் பார்க்கவில்லை; பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். இனிச் சுவரிலிருந்தும் அப்படியேதான் பார்ப்பாள்.