கொரினுக்கு எழுதக் கூடாத கடிதம்

வியாழன் இரவு

அன்புள்ள கொரினுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. கேட்காமல் தொடங்கவும் தெரியவில்லை. உங்கள் ஊரில் இந்நேரம் பனி முழங்கால் வரை வந்திருக்கும். இங்கே இன்னும் மழைதான்.

தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அறையில் விளக்குப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும், விடுதிக் காப்பாளர் வந்து தட்டுவார். உனக்கு நான் ஒரு வரிகூட எழுதக் கூடாது. நீயும் எனக்கு எழுதக் கூடாது. போன், செய்தி, வேறு யார் மூலமாவது சொல்லி அனுப்புவது எதுவும் கூடாது என்று ஒழுங்குக் குழு அலுவலகத்தில் மிஸ்டர் ஆஷ்பி நீட்டிய தாளில் நாம் இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

நாளை மாலை ஐந்து மணியோடு உன் மேல்முறையீட்டுக் கெடு முடிகிறது. நீ இன்னும் எதுவும் அனுப்பவில்லை என்று கேள்விப்பட்டேன். விசாரணையில் முறை தவறியிருக்க வேண்டும், அல்லது தண்டனை அளவுக்கு மீறியிருக்க வேண்டும், அல்லது புதிய சான்று கிடைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். உன்னிடம் புதிய சான்று எதுவும் இல்லை. அது என்னிடம் இருக்கிறது.

நம் அறையில் உன் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். சுவரில் நீ ஒட்டிய படங்களின் பசை மட்டும் மிச்சம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நேராகக் கல்லூரிக்கு வந்த குட்டிகள் என்று நம் இருவரையும் சேர்த்துக் கிண்டல் செய்தவர்கள், இப்போது நான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும், "ஏய், போலீஸ் வருது, தட்டை மறைங்கடி" என்கிறார்கள். சிரிப்பு அடங்க நேரமாகிறது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன். நடந்தது நடந்தபடி ஒரு தாளிலாவது இருக்கட்டும்.

வேதியியல் தேர்வை அறைக்கு எடுத்துவந்து, யாரும் காவல் இல்லாமல், புத்தகம் பார்க்காமல் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். நீ சனிக்கிழமையே எழுதி முடித்துவிட்டாய். உறையை மட்டும் ஒட்டவில்லை. ஞாயிறு மதியம் நீ துணி துவைக்கக் கீழே போனபோது அதைத் திறந்தேன். நான்காவது கணக்கில் 28 என்பதை நீ 82 என்று எடுத்து எழுதியிருந்தாய். நானும் 82 என்றே எழுதினேன்.

அன்று ராத்திரி உன் தாள்கள் வரிசை மாறியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். நீ கத்தவில்லை. "டெஸ்ஸா, நீயே போய் நான்தான் பண்ணேன்னு சொல்லிடுடி. செவ்வாய் ராத்திரி வரைக்கும் டைம் இருக்கு. நான் கூட வரேன், கையைப் பிடிச்சுக்கறேன்" என்றாய். "தானா போய்ச் சொன்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவாங்க" என்றும் சொன்னாய். தப்பைப் பார்த்தவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அலுவலகத்தில் சொல்ல வேண்டும். அதற்கு முன் தப்புச் செய்தவரிடமே பேசி, தானாகப் போய்ச் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முதல் நாள் எல்லோருக்கும் கொடுத்த கையேட்டில் இருப்பதுதான். அதை நம்பி நடந்தவள் இந்த விடுதியிலேயே நீ ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

நீ கொடுத்த நேரத்தில் நான் திங்கள் காலையே போனேன். நீ என்னைப் பார்த்து எழுதினாய் என்று சொன்னேன். மிஸ்டர் ஆஷ்பி என் பெயரைப் புகார் கொடுத்தவர் என்ற கட்டத்திலும், உன் பெயரை அதற்குக் கீழேயும் எழுதினார். அதற்கப்புறம் யாரும் அந்தக் கட்டங்களை மாற்றிப் பார்க்கவில்லை. ஆசிரியை இரண்டு தாளிலும் 82 இருப்பதைக் கண்டுபிடித்தார். யார் யாரைப் பார்த்தது என்று எண்ணில் எழுதியிருக்காதே.

விசாரணையன்று நடைபாதையில் உன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிவந்த களைப்பு முகத்தில் இருந்தது. "நீயும் பயந்து போயிருப்பே, கண்ணு. காலையில ஏதாவது சாப்டியா?" என்று கேட்டார். நீ அவரிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.

உள்ளே மூன்று மாணவிகளும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். தலைவி பிரிஜெட், நான்காம் ஆண்டு. எல்லாரும் அவ்வளவு மென்மையாகப் பேசினார்கள். உன் முன்னால் கண் துடைக்கும் காகிதப் பெட்டியை முன்னதாகவே வைத்திருந்தார்கள். உன் அம்மா துணைக்கு உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. ஒரே ஒரு தடவை அவர், "என் பொண்ணு கடையில மீதிச் சில்லறையக்கூடத் திருப்பிக் குடுத்துட்டு வர்றவ" என்று ஆரம்பித்தார். "அம்மா, இன்னொரு தடவை பேசினா உங்களை வெளியில உக்கார வைக்க வேண்டியிருக்கும், மன்னிச்சுக்கங்க" என்றாள் பிரிஜெட், புன்னகையோடு. அதற்குப் பிறகு உன் அம்மா கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை நீ நேரடியாகக் கேட்க முடியாது. சீட்டில் எழுதித் தலைவியிடம் கொடுக்க வேண்டும். நீ ஒரே ஒரு சீட்டு எழுதினாய். பிரிஜெட் வாசித்தாள்: "ஞாயித்துக்கிழமை ராத்திரி நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?" நான் பொய் சொல்லமாட்டேன் என்று நீ அப்போதும் நம்பியிருக்கிறாய். நானும் பொய் சொல்லவில்லை. "நீயே போய் நான்தான் பண்ணேன்னு சொல்லிடுன்னு சொன்னா" என்றேன். பிரிஜெட் முன்னால் சாய்ந்து, "அதாவது, பழியை உங்க மேலயே ஏத்துக்கச் சொல்லி வற்புறுத்தினாங்க. அப்படித்தானே, டெஸ்ஸா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ சீட்டு எதுவும் எழுதவில்லை.

மீதியை இந்த வாரம் செவ்வாயன்று பிரிஜெட் மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். வெளியே சொல்லக் கூடாதாம், எனக்கு மட்டுமாம். குற்றம் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டியதில்லை, இல்லை என்பதைவிட ஆம் என்பது ஒரு இழை கூடுதலாகத் தோன்றினால் போதும். ஐந்தில் நான்கு பேருக்குத் தோன்றியிருக்கிறது. பழைய குற்றம் இருக்கும் உறையை முடிவு செய்த பிறகுதான் பிரிப்பார்கள். பிரித்தால், போன வருடம் அறையில் மின்னடுப்பு வைத்திருந்ததற்கு உன் பேரில் ஓர் எச்சரிக்கை. இரண்டாவது குற்றம் என்பதால்தான் வெளியேற்றம். அந்த அடுப்பில் நீ சுட்ட உங்கள் ஊர் ப்ளோய் அப்பத்தில் பாதி நான் தின்றது. அதைக் கேட்டுக்கொண்டே சூப்பைக் குடித்து முடித்தேன்.

குழுவில் அடுத்த வருடத்துக்கு என் வயதில் ஒருத்தி வேண்டுமாம். "தைரியமான பொண்ணு நீ. சொந்த சிநேகிதின்னுகூடப் பாக்கல" என்றாள். திங்கட்கிழமை பயிற்சி தொடங்குகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கமாட்டாய். என் தோளில் இருக்கும் தழும்பைக் குளியலறையில் ஒருமுறை பார்த்தாய், ஒன்றும் கேட்காமல் துண்டை எடுத்துக் கொடுத்தாய். அப்பா இருக்கும் அந்த வீட்டுக்கு நான் திரும்பிப் போக முடியாது. உனக்கு ஏழு மணி நேரம் வண்டி ஓட்டி வர ஓர் அம்மா இருக்கிறார். அதை ஒரு நியாயமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நேற்று வரை அது போதுமானதாக இருந்தது.

இதை விடிந்ததும் தபால் பெட்டியில் போடுவேன். உன் ஊருக்கு வந்து சேர மூன்று நாளாகும். போனில் சொன்னால் மூன்று நிமிடம். போன் மடியில்தான் இருக்கிறது.

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமாவது காட்டினால், நான் எழுதவில்லை என்று சொல்வேன். அவர்கள் யாரை நம்புவார்கள் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து நீ மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று தீர்ப்பில் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். நீ என்னைத் தொடர்புகொண்டால் அந்த வழியும் அடைபடும். அதனால் பதில் எழுதாதே. நல்ல வார்த்தை ஒன்றுகூட எழுதாதே. உன்னிடமிருந்து ஏதாவது வந்தால் நான் அதை மிஸ்டர் ஆஷ்பியிடம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்துவிடுவேன், கொரின். என்னை நான் இப்போது நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லாதே.

இப்படிக்கு,
பெயர் போடவில்லை.