இரண்டாவது டேக்

பிப்ரவரி 3

பல் டாக்டரிடம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினோம். டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். இருபத்திரண்டு வருடமாகியும் அது என்னை விடுவதாக இல்லை. முதல் சரணத்துக்கு முன்னால் என் கிடார் தனியாக வரும். அதில் ஓரிடத்தில் விரல் சரியாகப் பதியாமல் ஒரு சுரம் மொண்ணையாக விழும். அந்த இடம் வந்ததும் மனைவி வழக்கம்போல என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் மகள், பாப்பா, இறந்துபோன அன்றைக்குப் பதிவான பாட்டு. "அந்த நேரத்துலதான் அவ போயிருக்கா. உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கு" என்று முதல் முறை கேட்டபோதே சொன்னாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

பிப்ரவரி 11

பாட்டு கம்பெனியிலிருந்து போன். பழைய பாட்டுகளைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிடுகிறார்களாம். இந்த முறை வாசித்தவர்களின் பெயரையும் போடுவார்களாம். நாற்பது வருடமாக வாசிக்கிறேன், கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெதிலும் என் பெயர் அச்சானதில்லை. மனைவி அதற்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். "பேரைத் தெளிவா எழுதிக் குடுங்க, கோழி கிளறின மாதிரி எழுதாதீங்க" என்கிறாள்.

பிப்ரவரி 12

ஸ்டுடியோவுக்கு வரச் சொல்கிறார்கள். போகாமல் இருந்துவிடலாமா?

பிப்ரவரி 19

போனேன். சவுண்ட் இன்ஜினியர் ஒரு பெண். பாப்பா இருந்திருந்தால் இந்த வயதுதான். மூலப் பதிவில் மற்ற எல்லாரையும் அடைத்துவிட்டு என் கிடாரை மட்டும் ஓடவிட்டாள்.

"சார், இங்க ஒரு நோட்டு அமுங்கிப் போயிருக்கு. ரெண்டாவது டேக்ல அதே இடம் அருமையா வந்திருக்கு. அதை எடுத்து இங்க ஒட்டிடவா?"

ஓ, இரண்டாவது ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். யாரிடம் நடிக்கிறேன்? ஒரு நாள்கூட மறந்ததில்லை.

இரண்டு டேக்குக்கும் நடுவில் மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோ மேனேஜரின் குரல்: "வீட்டம்மா ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டாவது தடவையா கூப்பிடுறாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டினேனே, பார்க்கலையா?"

அடுத்து என் குரல். "பார்த்தேன். இதோ, ஒண்ணே ஒண்ணு. முடிச்சிட்டு வந்துடறேன்."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். தண்ணீர் கொடுத்தாள். "அந்த நோட்டைத் தொடாதம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 20

எழுதித் தொலைக்கிறேன்.

பதினெட்டு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து ஒத்து வாசித்தவன். அன்றுதான் எனக்கென்று தனியாக ஓரிடம் கிடைத்தது. பாதி வாசிப்பில் மேனேஜர் காதருகே கையை வைத்துக் காட்டினார். பார்த்தேன், விரல் நழுவியது. என் கைக்கு ஒரு மண்ணும் தெரியாது. கண்ணுக்குத்தான் தெரிந்தது.

இசையமைப்பாளர், "எதுக்கும் இன்னொண்ணு எடுத்து வச்சுக்கலாம்" என்றார். எழுந்து போனால் அந்த நாற்காலியில் வேறொருவன் உட்காருவான் — அந்தப் பயம். பாப்பாவுக்கு வெறும் காய்ச்சல்தானே என்று நினைத்தேன். நினைத்தேனா? அப்படி நினைத்துக்கொண்டேன். சுருதி சேர்த்து, எல்லாரும் தயாராகி, வாசித்து முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது பாப்பா போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

"பதிவு முடிஞ்சப்புறம்தான் என்கிட்ட சொன்னாங்க" என்றேன் மனைவியிடம்.

கடைசியில் முதல் டேக்கைத்தான் பாட்டில் வைத்தார்கள். இரண்டாவது யாருக்கும் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 27

"நானும் ஸ்டுடியோவுக்கு வரேன். அந்த இடத்தை மட்டும் தனியா ஒரு தடவை கேக்கணும்" என்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளாகக் கேட்ட ஒரே விஷயம் இது. அந்தப் பெண்ணிடம் சொல்லி நடுவில் இருக்கும் பேச்சை வெட்டிவிடலாம். ஒரு போன் போதும். இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

மார்ச் 2

சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அப்பா கிளம்பிட்டாரு, வந்துட்டே இருக்காருன்னு அவகிட்ட சொல்லிட்டே இருந்தேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ரெண்டாவது நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு."

மிச்சத் துணியை மடித்தாள். என் சட்டையையும்தான்.

மார்ச் 6

சாப்பிட வாங்க. கதவைச் சாத்துங்க. மாத்திரை போட்டீங்களா. இவ்வளவுதான் பேச்சு. ஸ்டுடியோவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

மே 16

இசைத்தட்டு தபாலில் வந்தது. உள்ளே பொடி எழுத்தில் என் பெயர். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அவளும் படித்தாள். "தப்பில்லாம போட்டிருக்காங்க" என்றாள்.

ஜூன் 9

மறுபடியும் பல் டாக்டர். திரும்பும்போது அதே பேருந்து, அதே டிரைவர், அதே பாட்டு. என் இடது கையை எங்கள் இருவருக்கும் நடுவில், சீட்டின் மேல் வைத்திருந்தேன்.

அந்த இடம் வந்தது. அவள் மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து வேறொன்று தொடங்கியது. நாங்கள் இறங்கும் இடம் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.