ஆளில்லாமல் கரையேறிய ஆறு சக்கர வண்டி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டுச் சுகமாகவே இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, புலம்பல்தான் குறையவில்லை. உன் அண்ணன் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள், போன வாரம் என் ஸ்பேனர் ஒன்றை எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த ஆள் ரெடி என்று அப்பா சொன்னார். படகுத்துறையில் இஞ்சின் மெக்கானிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார எனக்கு வரவில்லை, அதனால்தான் ஒரு பழைய வண்டியை ஓடவைக்கிற வேலையை ஒத்துக்கொண்டேன். அதை யாரிடமாவது முழுதாகச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்பாவிடம் பாதிதான் சொன்னேன், அதற்கே மனிதர் விளக்கை அணைக்க விடுவதில்லை.

ஏரிக்கரையில் கடைசி வீட்டு டீச்சரை நினைவிருக்கும், உனக்கு நாலாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர். அவருடைய கணவர் ஏரியில் ஆழம் அளக்கும் வேலை பார்த்தவர். நாம் இங்கே குடிவருவதற்கு முன்னால், முப்பத்தொரு வருஷத்துக்கு முன் நடந்தது இது. ஒரு நாள் காலை மூடுபனியில் தரையிலும் தண்ணீரிலும் ஓடும் தன் ஆறு சக்கர வண்டியை ஏரியில் இறக்கிக்கொண்டு போனார். மதியம் வண்டிச் சத்தம் கேட்டு டீச்சர் இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வண்டி ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து முன்சுவரில் முட்டி நின்றது, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே ஆள் இல்லை. ஒரு வாரம் ஏரியைச் சலித்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. தவறி விழுந்தார் என்று எழுதி மூடிவிட்டார்கள். டீச்சர் வண்டியைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார்.

இப்போது அவருக்கு இடது காது போய்விட்டது, வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது, டாக்டர் இன்னும் ஒரு வருஷம் என்கிறாராம். என்னைக் கூப்பிட்டு, "காது முழுசா போறதுக்குள்ள அந்த வண்டி ஓடுற சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்மா, உன்னால முடியுமா?" என்று கேட்டார். எப்படி மறுப்பது, சொல்.

வண்டி எப்படி இருக்கும் என்றால், பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றுக்குப் பக்கத்துக்கு மூன்றாக உப்பிய டயர்கள் மாட்டினது போல இருக்கும். தண்ணீரில் இறங்கினால் அந்த டயர்களே துடுப்பு. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர்தான், எந்தப் பக்கத்து லீவரை இழுக்கிறோமோ அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் நின்று வண்டி திரும்பும். ஆக்ஸிலேட்டர் வலது லீவரின் பிடியில் இருக்கும். எலி கடித்த வயர், துருப்பிடித்து ஒரே கட்டியாகிப்போன செயின், வெடித்த டயர், எல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது தண்ணீர். முதல் நாள் தொட்டியின் அடியில் இருந்த வடிகால் மூடியைத் திருகிக் கழற்றினேன், ஒரு செம்பு தண்ணீர் கொட்டியது. முப்பத்தொரு வருஷமாகப் பூட்டிக்கிடந்த கொட்டகை, கூரையில் ஓட்டை இல்லை, தரை காய்ந்து புழுதி பறக்கிறது. தண்ணீரோ சில்லென்று, பாசி வாசனையோடு, இப்போதுதான் ஏரியில் மொண்டது போல இருந்தது. துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை திறந்தால் மறுபடி ஒரு செம்பு. அதற்கு மறுநாளும் அப்படியே. வண்டி மிதப்பதற்காகப் பிளாஸ்டிக் சுவருக்குள் அடைத்திருக்கும் நுரைப் பஞ்சு ஊறிக் கசிகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கொட்டகைக்கு வெளியே நின்றபடியே, "உனக்கு இஞ்சினைப் பத்தித் தெரியும், எனக்குப் பயத்தைப் பத்தித் தெரியும், இது கசிவு இல்ல" என்றார். பஞ்சைத் துளைபோட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் இஞ்சின் ஸ்டார்ட் ஆனது. கார்புரேட்டரில் அழுக்கு, நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு தடுக்கித் தடுக்கி ஓடியது. கழற்றிச் சுத்தம் செய்து சீராக ஓடவிட்டால் டீச்சர் முகம் வாடிவிட்டது. "சத்தம் மாறிப்போச்சும்மா, அவர் வண்டி எப்பவும் தடுக்கும்" என்றார். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் தெரிந்தே ஒரு இஞ்சினைக் கெடுக்க எனக்குக் கை வராது. அதற்குப் பிறகு செயினுக்காகத் தரைத்தகட்டைப் பெயர்த்தபோது அடியில் ஒரு கயிறு சுருட்டி வைத்திருந்தது, நுனியில் ஈயக்குண்டு, ஆழம் அளக்கிற கயிறு. மறுநுனி கத்தியால் அறுத்தது. ஆக்ஸிலேட்டர் பிடியின் ரப்பரில் அதே கயிறு இறுக்கிக் கட்டிய தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. யாரோ ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் கட்டி, வண்டியை வீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கயிற்றைக் கொண்டுபோய் டீச்சர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "கட்டியிருந்ததை நான்தான் அறுத்து அடியில ஒளிச்சு வச்சேன், போலீஸ் வர்றதுக்குள்ள. தவறி விழுந்தார்னு எழுதினா போதும், இறங்கிப் போனார்னு எழுத வேண்டாம்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எதிர்க்கரையில இறங்கினாரா, நடுவுல இறங்கினாரான்னு மட்டும்தான் எனக்கு இன்னும் தெரியல" என்றார். வீட்டில் அன்று சண்டை ஏதும் இல்லையாம், கடன் இல்லை, நோய் இல்லை. சட்டையைக்கூட அவரே தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாராம்.

அவர் போன வழியில் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் கேட்டதால், போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை ஏரியில் இறக்கினோம். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், அப்பா கரையில் நின்றார். நல்ல மூடுபனி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நடு ஏரிக்குப் போனதும் டீச்சர் கையைக் காட்டி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தண்ணீர் அசையவில்லை, ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அப்போது எதிர்க்கரைப் பக்கமிருந்து ஒரு இஞ்சின் சத்தம் வந்தது. நாற்பது வருஷமாக இஞ்சின் சத்தம் கேட்டே சம்பாதித்தவள் நான், எனக்கு ஏமாறத் தெரியாது. அது இந்த வண்டியின் சத்தம்தான். நான் சுத்தம் செய்வதற்கு முன்பு போலவே நாலு துடிப்புக்கு ஒரு துடிப்பு தடுக்கியது. என் முகத்தைப் பார்த்து டீச்சர், "ஏதாச்சும் கேக்குதா?" என்றார். அவருக்குக் கேட்கவில்லை, பாவம். எனக்குப் பொய் சொல்ல வரும், உன் அப்பாவைக் கேட்டால் தெரியும், ஆனால் அந்த இடத்தில் வரவில்லை. வலது காதோரம் குனிந்து, "வண்டி வருது டீச்சர்" என்றேன். சத்தம் எங்களுக்கு நேராக வந்து, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போனது. ஒன்றும் தெரியவில்லை, அலை மட்டும் வந்து எங்கள் வண்டியை இரண்டு முறை தூக்கிப் போட்டது. டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டார். நான் கவனித்துக் கேட்டேன். கயிறு கட்டிய ஆக்ஸிலேட்டர் என்றால் சத்தம் ஒரே மட்டத்தில் போக வேண்டும். இது ஏறியது, இறங்கியது, அலையில் தயங்கியது, மறுபடி ஏறியது. "இருக்கார் டீச்சர், கை ஆக்ஸிலேட்டர் மேல இருக்கு, வீட்டுப் பக்கம்தான் போறார்" என்றேன். அவர் என் மணிக்கட்டை விட்டார். பிறகு, "அப்ப சரி, கரைக்கு விடும்மா" என்றார்.

கரையில் அப்பா வெளிறிப்போய் நின்றார். "வண்டிச் சத்தம் கரையேறி வீட்டுப் பக்கம் போச்சே, நீங்க அப்பவே வந்து ஏறிப் போயிட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்" என்றார். மணலில் எங்கள் தடம் தவிர வேறு தடம் இல்லை. டீச்சர் அவரைக் கடந்து நேராக வீட்டுக்குள் போனார், கதவைச் சாத்தவில்லை. அன்றிலிருந்து அந்தக் கதவைச் சாத்துவதே இல்லை. வேலையை முடித்துவிட்டேன், இனி அந்தக் கொட்டகைக்கு நான் போவதாக இல்லை.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீ வேலையை விட்டு வேறு ஊருக்கு வீடு மாறிவிட்டாய் என்று உன் சித்தப்பா சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, இந்தக் கடிதத்தையும் அவர் மூலமாகத்தான் அனுப்புகிறேன். கோபமில்லை. வளர்ந்த பெண், காரணம் இருக்கும், கேட்க மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் போ, யாரோடு வேண்டுமானாலும் இரு, போகும்போது ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் போ. மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். புது விலாசத்தை எழுது, குளிருக்குக் காதை மூடிக்கொள், இருமலை வளரவிடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அம்மா