அண்ணனுக்குச் செய்த கோடாலி

4.8.2007, சனி

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கும் வெயில். சொந்த ஊர் படாளம் போய் வந்தேன். பழைய வீட்டு மண்சுவரை இடித்து ஒரு அறை கட்ட ஆள் விட்டிருக்கிறேன். அஸ்திவாரம் தோண்டும்போது பின்சுவர் ஓரமாக, முழங்கால் ஆழத்தில் ஒரு கோணிச் சுருட்டு. "புதையலு சார்!" என்று கொத்தனார் ஒரே கூச்சல். பிரித்தால் கோடாலி. காம்பு மக்கி மண்ணாகிவிட்டது. இரும்பு மட்டும், அடை அடையாகத் துரு.

நைனாவுடையது, எங்கள் அப்பாவுடையது. மேல் மூலையில் சில்லு போயிருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்தேன். ஊருக்கெல்லாம் விறகு பிளந்த கோடாலி. அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல். எவ்வளவு பத்திரமாகச் சுற்றி வைத்திருக்கிறார் மனுஷன்!

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பேன்ட் பூராவும் துரு. ஸ்டெல்லாவிடம் திட்டு. கட்டிக்கொண்ட நாளாய் அவள் திட்டாத சனிக்கிழமை உண்டா?

5.8, ஞாயிறு

பூசை. மகள் ஜெனி முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மை விசேஷம் 19-ம் தேதி என்று ஃபாதர் சொல்லிவிட்டார். பாக்கி வேலை: வெள்ளை கவுன் (செங்கல்பட்டு), கேக், பிரியாணி அண்டா வாடகைக்கு, அண்ணனுக்கு போன்.

அண்ணன் படூரில் அபார்ட்மென்ட் வாட்ச்மேன். நான் இந்த ஆபீஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒரு தரம் வந்ததில்லை. கூப்பிட்டால் டூட்டி என்பார். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம்.

"கொயந்த விசேஷத்துக்கு வராம இன்னா? வரேன்டா. லீவு சொல்லிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் அந்த யோசனை. கோடாலியைச் சரிபண்ணி, புதுக் காம்பு போட்டு அண்ணனுக்குக் கொடுப்பது. மூத்த பிள்ளை. நைனா ஞாபகமாக அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை.

8.8, புதன்

மூன்று நாளாகப் புளித்தண்ணீரில் ஊறுகிறது. குளிக்கிற பக்கெட்டை எடுத்துவிட்டேன் என்று ஸ்டெல்லா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். இன்று தேய்த்தேன். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் மண்ணெண்ணெய். அடியில் இரும்பு நல்ல இரும்பு. கடல் காற்று கொஞ்சம் பட்டாலும் மறுபடி சிவக்கிறது, சனியன். எண்ணெய் தடவி பாலிதீன் பையில் போட்டேன்.

ஆபீசில் மீட்டிங். தூக்கம்.

11.8, சனி

சதுரங்கப்பட்டினம் விறகுத் தொட்டி. சவுக்குதான் மலை மாதிரி குவிந்திருக்கிறது. எனக்கு வேண்டியது கருவேலம், நன்றாகக் காய்ந்தது, நேராக. தொட்டிக்காரர் சிரித்தார். "வூட்ல கேஸ் அடுப்பு வச்சிகினு கோடாலி எதுக்கு சார்? யார வெட்டப் போற?" மூலையில் இருந்து ஒன்று உருவிக் கொடுத்தார். இரண்டரை முழம். நல்ல கட்டை.

12.8, ஞாயிறு

வாய்ச்சியால் செதுக்கினேன். அரம் போட்டேன். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்துவிட்டது. "கடையில ரெடிமேடா கிடைக்காதா? ஏன் இப்படி உசிர விடுதீய?" - ஸ்டெல்லா. திருநெல்வேலிக்காரிக்கு எல்லாமே கடையில் கிடைக்கும்.

அவளிடம் சொல்லவில்லை. இதைக் கொடுக்கும்போது அண்ணன் என் தோளில் கை போடுவார் என்று நினைத்துக்கொண்டே செதுக்கினேன்.

17.8, வெள்ளி

முடிந்தது. உடைந்த கண்ணாடித் துண்டால் காம்பைச் சுரண்டி, வேப்பெண்ணெய் இரண்டு கை. ஆப்பு அடித்து, இடுக்கில் பசை விட்டு இறுக்கியாயிற்று. சாணைக்கல்லில் தீட்டி முனையில் பேப்பரை வைத்தேன், கிழிந்தது. நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கவுன் நீளம் அதிகம். மடித்துத் தைக்கணும்.

19.8, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பூசை நன்றாக நடந்தது. அண்ணன் வந்தார். சலவைச் சட்டை, ஜெனிக்கு வெள்ளிச் சிலுவை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார். "பேஜாரு இல்லாத எடம்டா இது. அடுத்த மாசம் அண்ணியக் கூட்டினு ஒரு வாரம் வந்து இருக்கலாம் போல கீது" என்றார். அவர் வாயால் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மடியில் வைத்தேன்.

பிரித்தார். முகம் மாறிவிட்டது.

"எங்கடா எடுத்த இத?"

"பின்சுவராண்ட அண்ணே. நைனா பத்திரமா வச்சிருக்காரு பாரேன்."

"அவரு எங்க வெச்சாரு? நான் பொதச்சேன்."

கோடாலியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு நைனாவும் அண்ணனும் விறகு பிளந்துகொண்டிருந்தார்களாம். நைனா நெஞ்சு வலிக்கிறது என்றாராம். "இன்னும் ரெண்டு கட்டதான, முடிச்சிட்டுப் போ"ன்னு அங்கே சொன்னார்களாம். முடித்தாராம்.

"நான் கோடாலியத் தோள்ல போட்டுகினு முன்னால வந்தேன். அவரு பின்னாலயே நடந்து வந்தாரு. வூட்டு வாசல்ல வுயுந்துட்டாரு. அவரத் தூக்கினு வராம இதத் தூக்கினு வந்தேன்டா."

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாரடைப்பு என்ற ஒரு சொல். நான் அப்போது செங்கல்பட்டு ஹாஸ்டலில். படிக்கிற பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டதாம்.

கோடாலியைத் தரையில் வைத்தார். "டூட்டிக்கு நேரமாச்சி" என்றார். லீவு சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். கேக்கை ஸ்டெல்லா கட்டிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்.

20.8, திங்கள்

லீவு போட்டேன். மழை வருகிற மாதிரி புழுக்கம். "நீங்க தெரிஞ்சா செஞ்சீய?" என்று ஸ்டெல்லா. திட்டியிருந்தால் தேவலை. கோணியில் சுற்றிப் புதைத்திருக்கிறதே, யார், எதற்கு என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால்? கேட்காமல் பாலிஷ் போட்டேன். புத்தி கெட்டவன்.

கோடாலி கொல்லையில் கிடக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

25.8, சனி

படூர் போனேன். அண்ணன் யூனிஃபார்மில் இருந்தார். அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்துவிட்டு நின்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, தெரியாம செஞ்சிட்டேன்."

"தெர்ஞ்சா செய்வியா? வுடு."

டீ டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அவரே கேட்டார். "காம்பு நீயா செதுக்குன?"

"ஆமா."

என் கையை இழுத்துத் திருப்பி, கொப்புளத் தழும்பைப் பார்த்தார். "வயவயன்னு இருந்திச்சி. காம்ப மட்டும் கயட்டிக் குடு. இங்க நாய்த் தொல்ல ஜாஸ்தி. கையில ஒரு தடி வோணும்."

பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டு ஆள் ஜன்னலைச் சாத்தினார், தூசி என்று நினைத்துக்கொண்டு.

26.8, ஞாயிறு

கழலவில்லை. அடித்தேன், வெந்நீர் ஊற்றினேன், இடுக்கியில் கொடுத்து முறுக்கினேன். நான் போட்ட பசை, நான் அடித்த ஆப்பு. கடைசியில் ரம்பத்தால் அறுத்தேன். இரும்புக்குள் ஒரு துண்டு நின்றுவிட்டது.

1.9, சனி

தடியை அண்ணனிடம் கொடுத்தேன். தரையில் தட்டிப் பார்த்தார். "குட்டையாப் பூட்ச்சி. பரவால்ல."

"அண்ணியக் கூட்டினு எப்பண்ணே வர?"

தடியைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அந்த இரும்ப நாளைக்கே கடல்ல வீசிடறேன்ணே. வீட்ல இருக்காது."

"வீசிட்டா மறந்துடுமா? அதான் பாத்துட்டனேடா."

கார் ஹார்ன் அடித்தது. கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.