சும்மா சடங்கு என்று சொன்னேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாகத் தம்பி பென்னி சொன்னான்.

தோஹா வரும் வழியில் விமானம் கொஞ்சம் குலுங்கியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் கடையநல்லூர் மைதீன் பாத்து அம்மா. மகன் வீட்டில் பிறந்த பேத்தியைத் தூக்கி வளர்க்க, முதல்முறையாக விமானம் ஏறியிருந்தார்.

"டீச்சர், வயித்த இறுக்குது. இந்தப் பெல்ட்ட அவுத்துரட்டா?" என்று கேட்டார்.

"அவிழ்த்துடுங்க. விமானம் விழுந்தா இந்த வார் என்ன செய்யும்? எல்லாம் சும்மா சடங்கு" என்றேன். என்னுடையதைக் கழற்ற எனக்குச் சோம்பல்.

சற்று நேரத்தில் விமானம் சட்டென்று தாழ்ந்தது. அவர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, கை மடங்க விழுந்தார். விமானம் விழவே இல்லை அப்பா. இப்படிக் குலுங்கும் நேரத்துக்குத்தான் பெல்ட் என்று நான் யோசிக்கவே இல்லை.

அவருக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு. வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். பேத்தியை மருமகள்தான் வைத்திருந்தாள். "டீச்சர் போடத்தான் சொன்னாவ, நாந்தான் கேக்கல" என்று என் எதிரிலேயே மகனிடம் சொன்னார். நான் மறுக்காமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள், அவருக்கும் சேர்த்து. அதைக் கொடுக்கும் சாக்கில் மகனிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இங்கே பேசவும் வேறு யாருமில்லை.

வகுப்புக்கு நேரமாகிறது. மெயினருவியில் குளிக்கும்போது கம்பியை விடாமல் பிடித்துக்கொள்வீர்களே, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இனி சிரிக்கமாட்டேன்.

உங்கள் மகள்,
ரோஸ்லின்