கீழே இருந்து ஒரு ஜாமீன்

சார்,

போளூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். பதினாறாம் நாள் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. ஒட்டிய பசை இன்னும் காயவில்லை. உங்கள் பெயருக்குக் கீழே 'மலை மக்களின் தோழர்' என்று போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவள் அதைப் படித்துவிட்டு அங்கேயே நின்றேன். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வந்தது. வீட்டுக்கு வந்தும் அடங்காததால் எழுதுகிறேன்.

நீங்கள் சிடுசிடுவென்று விழுகிற மேனேஜராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முதல்முறை வங்கிக்கு வந்தபோது என் அம்மாவுக்கு நீங்களே நாற்காலி இழுத்துப் போட்டீர்கள். டீ வரவழைத்தீர்கள். மலையில் இந்த வருஷம் சாமை எப்படி என்று விசாரித்தீர்கள். எந்த ஆபீசிலும் உட்கார்ந்து பழகாத அம்மா நாற்காலி நுனியில் ஒண்டிக்கொண்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சம்பளச் சான்றும் மனைப் பத்திரமும் எடுத்து வைத்தேன். போளூரில் ஒரு வீடு கட்டி, அப்பா போன பிறகு மலையில் தனியாகக் கிடக்கும் அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் கடன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றீர்கள். பிறகு என் சொந்த ஊர் விலாசத்தைப் பார்த்தீர்கள்.

"தப்பா நெனைக்காதம்மா. கீழ இருக்கற ஆள் ஒருத்தர ஜாமீனுக்குக் கூட்டிட்டு வா. நாளைக்கு நீ மலை ஏறிட்டின்னா, நாங்க எங்கன்னு வந்து தேடறது?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். அம்மாவும் சிரித்தாள். கடன் கேட்கும் எல்லோரிடமும் ஜாமீன் கேட்பதுதான் விதி என்று நானும் நம்பிவிட்டேன்.

கீழே எங்களுக்கு யாரைத் தெரியும்? அம்மாவுக்குத் தெரிந்த ஒரே ஆள் சந்தவாசலில் புளி வாங்கும் மண்டிக்காரர். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரிடம் போய் நின்றிருக்கிறாள். அவர் ஜாமீன் போட்டார், சும்மா இல்லை. கடன் அடையும்வரை எங்கள் மரங்களின் புளி முழுக்க அவருக்கு என்று அம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார். அந்த மரங்கள்தான் அம்மாவின் சம்பாத்தியம். என்னை நர்சிங் படிக்க வைத்ததும் அவைதான்.

என்னோடு வேலை பார்க்கிற சந்தவாசல் பெண் பக்கத்து மனைக்கு உங்களிடமே கடன் வாங்கியிருந்தாள். ஜாமீன் பேச்சை எடுத்தபோது, "அப்படி ஒண்ணும் என்னைக் கேக்கலியே" என்றாள். அன்றைக்கே உங்கள் முன்னால் வந்து நின்றேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே சம்பளம். அவளக் கேக்காதத என்னை மட்டும் இன்னாத்துக்கு சார் கேட்டீங்க?"

"அவ அப்பாவ எனக்குத் தெரியும்மா" என்றீர்கள். அவ்வளவுதான் உங்கள் விதி. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, சட்டம் வேறு அனுபவம் வேறு என்றீர்கள். எங்களில் யாராவது உங்கள் கடனை ஏமாற்றிவிட்டு மலை ஏறியிருக்கிறார்களா என்று கேட்டேன். அதற்கு மறுபடியும் டீ சொன்னீர்கள். நான் குடிக்கவில்லை.

மேலிடத்துக்கு எழுதிப்போட்டேன். சம்பளக்காரரிடம் ஊரைப் பார்த்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று உத்தரவு வந்து, ஜாமீனை நீக்கினார்கள். என்னிடமே சொல்லியிருக்கலாமே என்று அப்போதும் நீங்கள் வருத்தப்பட்டீர்களே தவிர, தப்பு என்று சொல்லவில்லை. மண்டிக்காரரிடம் போய் மரத்தை விடச் சொன்னேன். "பேங்க் பேச்சு பேங்கோட. மரத்துப் பேச்சு உங்கம்மாவோட" என்று கணக்குப் பிள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அவரை நான் திட்டவில்லை. அவர் வியாபாரி. அம்மாவை அவர் வாசலுக்கு அனுப்பியது நீங்கள்.

வீடு கட்டி அம்மாவைக் கீழே கூட்டிவந்துவிட்டேன். நீங்கள் போன அன்று செய்தி கேட்டு அவள் அழுதாள். ஒரு மாலை போட்டுவிட்டு வரலாம் என்றாள். "நம்மள உக்கார வச்சிப் பேசின மனுசன்டி" என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். அவள் மட்டும் போய்விட்டு வந்தாள். என் மேல் அவளுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். மலையிலிருந்து யாராவது கடனுக்கு வந்தால் இப்போது கூடவே போய் நிற்கிறேன். இனிக்க இனிக்கப் பேசும் அதிகாரியைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. எனக்கு நீங்கள் விட்டுப்போனது அதுதான்.

போன வாரம் அம்மா கடைத்தெருவில் புளி வாங்கி வந்தாள். கரைப்பதற்கு முன் ஒரு சுளையைக் கிள்ளி வாயில் போட்டவள் என்னைக் கூப்பிட்டாள்.

"இது நம்ம ஓடையோரத்து மரத்துப் புளிடி. காசு குடுத்தாலும் நம்ம புளியே கெடச்சுது பாரு."

சந்தோஷமாகத்தான் சொன்னாள்.